திரையில் அசையும் தமிழ் எழுத்து
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

முன்னுரை

விஞ்ஞானம் வீட்டு வாசலைத் தாண்டி அடுக்களை வரை வந்துவிட்ட காலம் இது. முன்பெல்லாம் வீட்டில் திருமணமோ ஞானஸ்நானமோ புது நன்மையோ நடந்தால் வீடியோக்காரர் ஒருவரை அமர்த்துவார்கள். அவர் படமெடுத்துச் சென்று, ஒரு மாதம் கழித்துத் தலைப்பும் இசையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார். இன்று கைப்பேசியில் எடுத்த காட்சிகளை வீட்டுக் கணிப்பொறியிலேயே வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, படமாக்கிவிட முடிகிறது. அதற்கான மென்பொருள்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

வெட்டுவதும் ஒட்டுவதும் நமக்கு எளிதில் வந்துவிடுகின்றன. தலைப்பில்தான் தடுக்குகிறது. அதிலும் அசைந்து வரும் தமிழ்த் தலைப்பு என்றால் எழுத்து உடைகிறது. புள்ளி தனியே பறக்கிறது. கொம்பு இடம் மாறுகிறது. சில வேளைகளில் எழுத்தே இல்லாமல் வெறும் கட்டங்கள் வந்து நிற்கின்றன. எங்கள் வகுப்பு மாணவியர் இவ்வாண்டு விழாவுக்காகப் பருத்திப்பட்டு ஏரியைப் பற்றி எட்டு நிமிடப் படம் ஒன்று தயாரித்தோம். அப்போது கற்றறிந்தவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறோம். எங்களுக்குப் பின் வரும் தங்கையருக்கும், குடும்ப விழாக்களைப் படமாக்க விரும்பும் பெற்றோருக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

தலைப்பின் சிறு வரலாறு

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வெளிவந்தது. அக்காலப் படங்களுக்கெல்லாம் ஓவியர்களே அட்டையிலும் கண்ணாடியிலும் தூரிகையால் தலைப்பு எழுதினார்கள். அதைக் கேமராவின் முன் வைத்துப் படம் பிடித்தார்கள். ஓவியர் கையால் எழுதிய எழுத்து ஒருநாளும் உடைந்து வரவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பழைய படங்களின் தலைப்பை உற்றுப் பார்த்தால் ‘லை’, ‘ணை’, ‘னை’ ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் இருப்பதைக் காணலாம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்பே இன்றைய வடிவங்கள் பாடநூல்களுக்கு வந்தன. ஆகவே ஒரு படத்தின் தலைப்பு, அக்காலத்து எழுத்து எப்படி இருந்தது என்பதற்கும் சான்றாக நிற்கிறது.

அயல்நாட்டில், 1958-ல் வெளிவந்த ‘வெர்டிகோ’ என்னும் ஆங்கிலப் படத்துக்குச் சால் பாஸ் என்பவர் தலைப்பு அமைத்தார். அதில் சுழன்று சுழன்று விரியும் கோடுகளை ஜான் விட்னி என்பவர் வரைந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் குறிபார்க்கப் பயன்பட்ட ஒரு கணக்கிடும் இயந்திரத்தை அவர் அந்த வேலைக்குப் பயன்படுத்தினார். உயிரைப் பறிக்கச் செய்த கருவி ஓவியம் வரையப் பயன்பட்டது எங்களுக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.

அதே 1958-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அசிசி நகர்ப் புனித கிளாராளைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். நோயுற்றுப் படுக்கையில் இருந்த கிளாராள், கோவிலுக்குப் போக இயலாத ஒரு கிறிஸ்துமஸ் இரவில், நடக்கும் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது வரலாறு. வர இயலாதவருக்கும் காட்சியைக் கொண்டு சேர்ப்பதே இக்கலையின் பயன் என்று இதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நம் தாத்தா பாட்டிமார் எல்லோருக்கும் நினைவிருக்கும் தூர்தர்ஷனின் சுழலும் சின்னம் 1976-ல் திரைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவராயிருந்த தேவாசிஸ் பட்டாச்சார்யா. கணிப்பொறி இல்லாத அந்நாளில் வரைபடப் பிரதிகளைக் கேமராவின் கீழ் வைத்து, சிறிது சிறிதாகச் சுழற்றி அதற்கு அசைவு கொடுத்தார்கள். இன்று கணிப்பொறி செய்வதும் அதே வேலைதான். வேகம் ஒன்றே வேறு.

அசைவு என்பது கணக்கு

திரையில் எதுவும் உண்மையில் அசைவதில்லை. ஒன்றுக்கொன்று சிறிதே மாறுபட்ட அசையாப் படங்கள் விரைந்து வருவதால் நம் கண் அவற்றை அசைவாகக் காண்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 பிரேம்கள். ஆறு நொடித் தலைப்புக்கு 150 பிரேம்கள் வேண்டும்.

ஒரு பிரேமின் அளவு 1920-க்கு 1080 என்று கொள்வோம். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என நான்கு பைட்டுகள். ஆக ஒரு பிரேமுக்கு 82,94,400 பைட்டுகள்; 150 பிரேம்களுக்கு ஏறத்தாழ 124 கோடி பைட்டுகள். சுருக்கி வைக்காவிட்டால் ஆறே நொடித் தலைப்பு இவ்வளவு இடத்தைப் பிடிக்கும். முன்னோட்டம் பார்க்கும்போது இத்தனையையும் கணிப்பொறி அந்த நொடியிலேயே கணக்கிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் தலைப்பு வரும் இடத்தில் படம் திக்குகிறது.

இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முன்னோட்டத்தில் திக்கும் தலைப்பு, படத்தை முழுவதும் ரெண்டர் செய்து இறுதிக் கோப்பாக எடுத்தபின் பெரும்பாலும் சீராகவே ஓடும். ஆகவே அந்தப் பத்து நொடியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துப் பார்த்த பிறகே பிழை உண்டா இல்லையா என முடிவு செய்ய வேண்டும். தனிக் கோப்பிலும் திக்கினால் பிரேம் கணக்கைப் பார்க்க வேண்டும். கைப்பேசிகள் பொதுவாக நொடிக்கு 30 பிரேம்கள் எடுக்கின்றன. 30-ல் செய்த அசையும் தலைப்பை 25-ல் ஓடும் படத்தில் வைத்தால் நொடிக்கு ஐந்து பிரேம்கள் விடுபடும். எழுத்து தத்தித் தத்தி நடக்கும். தொடக்கத்திலேயே படத்துக்கும் தலைப்புக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை.

தமிழ் எழுத்தின் தனிக் குணம்

இனிப் பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பருத்திப்பட்டு’ என்பதில் எத்தனை எழுத்துகள்? ஒன்றாம் வகுப்புத் தங்கையும் விரல் விட்டு எண்ணிச் சொல்வாள்: ப, ரு, த், தி, ப், ப, ட், டு. மொத்தம் எட்டு.

கணிப்பொறியைக் கேட்டால் பதினான்கு என்கிறது!

இது பிழையன்று. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்னும் முறை 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நம் எழுத்துகளோ 247. ஆகவே உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகளுக்கும் மட்டும் எண் கொடுத்தார்கள். ‘ரு’ என்பது ‘ர’ ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு எண்கள். ‘த்’ என்பது ‘த’ ஒன்று, புள்ளி ஒன்று. இப்படியே எண்ணிப் பார்த்தால் நம் ஊர்ப் பெயருக்குப் பதினான்கு வரும். ஐயமிருப்பவர்கள் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

இந்தப் பதினான்கையும் சேர்த்து மீண்டும் எட்டு எழுத்துகளாகத் திரையில் வரைவதற்குத் தனியே ஒரு பகுதி மென்பொருளில் இருக்க வேண்டும். எந்தக் குறி எந்த மெய்யுடன் சேரும், அது முன்னே நிற்குமா, பின்னே நிற்குமா, மேலே ஏறுமா, கீழே வளையுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் இலவச மென்பொருள் இவ்வேலையைச் செய்வதில் பெயர் பெற்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நாம் படிக்கும் தமிழ் அதன் உதவியால்தான் சரியாகத் தெரிகிறது. ஆனால் எல்லா வீடியோ மென்பொருள்களும் தலைப்பு எழுதும் இடத்தில் இத்தகைய உதவியைப் பெறுவதில்லை. ஆங்கில எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது; அதை மட்டும் மனத்தில் கொண்டு செய்த மென்பொருள் தமிழையும் அப்படியே அடுக்கிவிடுகிறது.

விளைவு என்ன? ‘தெரேசா’ என்னும் பெயரைப் பார்ப்போம. கணிப்பொறியின் வரிசையில் முதலில் ‘த’, அடுத்து ஒற்றைக் கொம்பு. பின் ‘ர’, அடுத்து இரட்டைக் கொம்பு. பின் ‘ச’, கடைசியில் கால். வரிசை மாறாமல் அப்படியே அடுக்கினால் முதல் கொம்பு ‘ர’வின் முன்னும், இரண்டாம் கொம்பு ‘ச’வின் முன்னும் போய் நிற்கும். படிப்பவர் கண்ணுக்கு ‘தரெசோ’ என்று தெரியும்! ஒரு புனிதையின் பெயர் பொருளற்ற ஒலியாகிவிடுகிறது. தட்டச்சுச் செய்தவர் பிழை செய்யவில்லை. சேமிக்கப்பட்ட எண்களும் சரியே. வரைந்த முறையில்தான் கோளாறு.

எங்கள் படத்தில் நேர்ந்தது

எங்கள் படத்தின் முடிவில் நன்றி கூறும் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. ஏரிக்கரையில் பேட்டி கொடுத்தவர்கள், குடை பிடித்தவர்கள், கேமராவைச் சுமந்தவர்கள் எல்லோர் பெயரும் அதில் இருந்தன. பல ஆண்டுகளாக எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கி, எங்களுக்கெல்லாம் தண்ணீர் நிரப்பி வைக்கும் ஆயா ஒருவர் உண்டு. ஏரி தூர்ந்து கிடந்த காலத்தையும், 2019-ல் அது சீரமைக்கப்பட்டுப் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டதையும் அவர்தான் எங்களுக்கு விவரமாகச் சொன்னார். பட்டியலில் அவர் பெயரை முதலில் வைத்தோம். அந்தப் பெயரில் இரண்டு கொம்புகள். இரண்டுமே இடம் மாறித் தெரிந்தன.

விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தன. பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில் போட்டுவிடலாமே என்று எங்களுள் சிலர் கூறினர். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வாள் என்பதை நாங்கள் அறிவோம். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். ஒருவருக்கு நன்றி சொல்ல வந்த இடத்தில் அவர் பெயரைச் சிதைத்துச் சொல்வதும், அவர் வீட்டார் அவரை அழைக்காத வேற்றெழுத்தில் சொல்வதும் முறையாகுமா? தமிழிலேயே, பிழையின்றியே போடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர், “ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுத்துக் கண்டுபிடிப்பதுபோல் இதையும் கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்” என்று வழிகாட்டினார்கள். அதன்படி செய்த சோதனைகளைக் கீழே தருகிறோம்.

பிழையைப் பகுத்தறியும் ஐந்து சோதனைகள்

சோதனை 1: எழுத்து சரியா? தலைப்பில் உள்ள சொற்களை எடுத்து, கணிப்பொறியில் உள்ள சாதாரணக் குறிப்பேட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சரியாகத் தெரிந்தால் எழுத்தில் குறையில்லை. அங்கேயும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்து தாறுமாறாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவுக்காகத் தட்டச்சுச் செய்தது என்று அறியலாம். அச்சகங்களிலும் அழைப்பிதழ்க் கடைகளிலும் அத்தகைய எழுத்துருக்கள் நெடுங்காலம் புழங்கியவை. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய முறையில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு கொம்பின் அருகே புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தெரிந்தால், குறி தன் மெய்யைத் தேடி நிற்கிறது என்று பொருள். பழைய தட்டச்சு இயந்திரத்தில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடில் மெய்யே முதலில் வர வேண்டும். அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே நல்லது. தமிழ்நாட்டில் 1999-ல் வகுக்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிரையும் மெய்யையும் மட்டும் அடித்தால் போதும். கொம்பும் காலும் தாமே அமையும்.

சோதனை 2: எழுத்துரு உண்டா? எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். தலைப்பு வார்ப்புகளில் வரும் அலங்கார எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியவை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ், கடமாரன், மீரா இனிமை ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள். விண்டோஸ் கணிப்பொறியில் நிர்மலா என்பது உடன் வருகிறது. புதிய எழுத்துருவை நிறுவிய பின் வீடியோ மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்தால்தான் பல சமயம் அது பட்டியலில் தெரியும்.

சோதனை 3: சேர்த்து வரைகிறதா? நல்ல எழுத்தையும் நல்ல எழுத்துருவையும் கொடுத்த பின்னும் ‘தெரேசா’ ‘தரெசோ’வாக வந்தால் குறை மென்பொருளில் உள்ளது. சில மென்பொருள்களின் விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அதில் தெற்காசிய மொழிகளுக்குரியதைத் தேர்ந்து, மூடித் திறந்து, புதிய தலைப்பாக எழுதிப் பார்க்க வேண்டும். அத்தகைய இடம் இல்லையென்றால் பின்னர்க் கூறும் பட வழியே சிறந்தது. சோதித்துப் பார்க்க எல்லா வகைக் குறிகளும் உள்ள பெயர்களைத் தேர்வது நன்று. நாங்கள் ‘தெரேசா’, ‘கொளத்தூர்’, ‘பருத்திப்பட்டு’ மூன்றையும் வைத்துக்கொண்டோம். முதலாவதில் கொம்புகள், இரண்டாவதில் இருபுறமும் சூழும் ஒகரக் குறி, மூன்றாவதில் புள்ளியும் உகரமும் உண்டு.

சோதனை 4: நிற்கும்போது சரி, அசையும்போது பிழையா? தலைப்பின் அசைவை முழுதும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, அசைவு கொடுத்ததும் உடைந்தால், அசைவு எழுத்து எழுத்தாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தட்டச்சு அடிப்பதுபோல் ஒவ்வொன்றாக வரும் அலங்காரத்தில் இது தெளிவாகத் தெரியும். எட்டு எழுத்துகளுக்குப் பதில் பதினான்கு துண்டுகள் வரும். முதலில் ‘த’ வரும்; பிறகு அதன் தலையில் புள்ளி வந்து விழும். எழுத்துகள் பறந்து வரும் அலங்காரத்தில் மெய் ஒரு பக்கமும் குறி மறுபக்கமுமாகப் பறக்கும். அசைவை எழுத்துக்குக் கொடுக்காமல் சொல்லுக்கோ முழு வரிக்கோ கொடுத்தால் குறை தீரும். எழுத்திடைவெளியை அகலமாக்கினாலும் சில மென்பொருள்களில் குறிகள் மெய்யைப் பிரிந்து நிற்கும். அப்போது இடைவெளியைப் பழையபடி சுழியத்தில் வைக்க வேண்டும்.

சோதனை 5: இறுதிக் கோப்பில் மட்டும் பிழையா? மென்பொருளுக்குள் சரியாக இருந்து, வெளியே எடுத்த கோப்பில் தலைப்பைச் சுற்றிக் கறுப்பு அல்லது வெள்ளைக் கட்டம் தெரிந்தால், ஒளிபுகும் தன்மை எங்கோ இழக்கப்பட்டிருக்கிறது. ஜேபெக் வகைப் படத்துக்கு அத்தன்மை கிடையாது. பிஎன்ஜி வகைக்கு உண்டு. சாதாரண எம்பி4 கோப்பாகத் தலைப்பை எடுத்து வைத்தாலும் பின்னணி ஒளிபுகாமல் போகும். தலைப்பே தெரியாவிட்டால், அது வீடியோவுக்குக் கீழ் டிராக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் டிராக்கே கண்ணுக்கு முதலில் தெரியும்.

வார்ப்பில் வரும் முப்பரிமாணத் தலைப்புகள்

இலவச மென்பொருள்களுள் ஓப்பன்ஷாட் என்பது பலர் வீட்டில் பயன்படுவது. ஜானதன் தாமஸ் என்பவர் 2008-ல் இதைத் தொடங்கினார். இதில் அசையும் தலைப்பு என்னும் பகுதியைத் திறந்ததும் பலர் திகைத்துப் போவார்கள். காரணம், அந்தத் தலைப்புகளை ஓப்பன்ஷாட் தானே வரைவதில்லை. ப்ளெண்டர் என்னும் மற்றொரு இலவச மென்பொருளிடம் கொடுத்து, பிரேம் பிரேமாக வரைந்து வாங்கிக்கொள்கிறது. ஆகவே கணிப்பொறியில் ப்ளெண்டர் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இருக்கும் இடத்தை ஓப்பன்ஷாட்டின் விருப்ப அமைப்பில் குறித்திருக்க வேண்டும். அதன் பதிப்பும் ஓப்பன்ஷாட் கேட்கும் பதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் தலைப்பு வராது. மூன்றும் சரியாயிருந்தும் தாமதமானால் பொறுத்திருக்கலாம். 150 படங்களை ஒவ்வொன்றாக வரைகிறது அல்லவா!

படமாக்கித் தீர்க்கும் வழி

எங்கள் சிக்கல் மூன்றாம் சோதனையில் பிடிபட்டது. தீர்வாக, தலைப்பை வேறோர் இடத்தில் சரியாக எழுதி, படமாக மாற்றி, அந்தப் படத்துக்கு அசைவு கொடுத்தோம். முறை இது.

முதலில் இன்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் 1920-க்கு 1080 அளவில் வெற்றுப் பக்கம் திறந்தோம். தமிழை அது சேர்த்து வரையும். நோட்டோ செரிஃப் தமிழில் பெயர்களை எழுதி, இருவர் உரக்கப் படித்துச் சரிபார்த்தோம். எழுத்தாகவே ஒரு பிரதியைச் சேமித்தோம். பின்னால் திருத்த வேண்டியிருந்தால் அது தேவைப்படும். பிறகு எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தோம். அதன்பின் அது எழுத்தன்று, ஓவியம். எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும், எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும், கொம்பு இடம் மாற வழியில்லை. தூரிகையால் எழுதிய அந்நாளைய ஓவியரின் அட்டைக்கு அது சமமாகிவிட்டது. அதைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்தோம்.

வீடியோ மென்பொருளில் அந்தப் படத்தை மேல் டிராக்கில் வைத்து, தொடக்கத்தில் ஒளிபுகாமை 0, 25-ஆம் பிரேமில் 100 எனக் குறித்தோம். ஒரே நொடியில் தலைப்பு மெல்ல மலர்ந்தது.

தட்டச்சுப்போல் எழுத்து எழுத்தாக வர வேண்டும் என்று சிலர் விரும்பினர். அதற்கும் வழி உண்டு. ‘ப’, ‘பரு’, ‘பருத்’, ‘பருத்தி’ என எட்டுப் படங்கள் தயாரித்து, ஒவ்வொன்றையும் ஐந்து பிரேம்களுக்கு வைத்தோம். மொத்தம் 40 பிரேம்கள்; அதாவது 1.6 நொடிகள். புள்ளி தன் மெய்யுடனே வந்தது. எட்டுப் படங்களிலும் எழுத்தை இடப்பக்கம் ஒட்டியே வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் ஒவ்வோர் எழுத்து கூடும்போதும் முழுச் சொல்லும் இடப்புறமாக நகரும். இவ்வளவு உழைக்க விரும்பாதவர்கள், முழுப் படத்தின் மேல் ஒரு மறைப்பை வைத்து, அதை இடமிருந்து வலமாக விலக்கலாம். திரைச்சீலை விலகுவதுபோல் பெயர் தெரியும்.

பெயர்ப் பட்டியல் ஏறும் வேகம்

கீழிருந்து மேலேறும் பட்டியலுக்கும் கணக்கு உண்டு. ஒரு பிரேமுக்கு இத்தனை புள்ளி என்பது முழு எண்ணாக இருந்தால் எழுத்து நடுங்காமல் ஏறும். எங்கள் பட்டியலின் உயரம் 2,400 புள்ளிகள். திரையின் உயரம் 1,080. கீழே மறைந்து தொடங்கி மேலே மறையும் வரை 3,480 புள்ளிகள் கடக்க வேண்டும். பிரேமுக்கு 4 புள்ளி என்றால் 870 பிரேம்கள், அதாவது 34.8 நொடிகள். 3 புள்ளி என்றால் 1,160 பிரேம்கள், 46.4 நொடிகள். நான்கில் ஒரு பெயர் திரையில் 10.8 நொடிகள் இருக்கும், மூன்றில் 14.4 நொடிகள். பாட்டிக்குப் பேத்தி படித்துச் சொல்ல நேரம் வேண்டும் என்பதால் மூன்றையே தேர்ந்தோம்.

நினைவில் கொள்ளத்தக்க சில குறிப்புகள்

தலைப்பை மெதுவாக இருமுறை வாய்விட்டுப் படிக்கும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும். நான்கு ஓரங்களிலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட வேண்டும். பக்கங்களில் 192 புள்ளிகள், மேலும் கீழும் 108 புள்ளிகள். வெள்ளைச் சீருடையின் மீதும் வானத்தின் மீதும் வெள்ளை எழுத்து மறைந்துவிடும். மெல்லிய கருநிழல் கொடுக்கலாம். எழுத்தைச் சுற்றித் தடித்த கரை கொடுத்தால் ‘ண’வின் சுழிகள் அடைபட்டு ‘ன’ போலத் தெரியும். மேலே புள்ளிக்கும், கீழே உகர வளைவுக்கும் இடம் இல்லாவிட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். எழுத்துப் பெட்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும். படங்கள், எழுத்துரு, இசை அனைத்தையும் ஒரே மடிப்பில் வைத்து, பென்டிரைவில் எடுத்துச் செல்லும்போது அம்மடிப்பை முழுதாக எடுக்க வேண்டும். விழா நடக்கும் மண்டபத்தின் கணிப்பொறியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல்.

முடிவுரை

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. பிழை எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சரியானதும் கெடும். எழுத்தா, எழுத்துருவா, சேர்க்கையா, அசைவா, இறுதிக் கோப்பா என்று வரிசையாகக் கேட்டால் விடை தானே கிடைக்கும். நான்கு நாளில் மூன்றாம் நாள் மாலை எங்கள் பட்டியல் முழுதும் பிழையின்றி ஏறியது. விழாவன்று ஆயாவின் பெயர் திரையின் அடியில் எழுந்து, மேலே சென்று மறையும் வரை ஒரு சிறுமியின் குரல் அதைத் தெளிவாகப் படித்தது. எங்களுக்கு வேறு பரிசு தேவைப்படவில்லை.

கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்று தமிழை உடைக்கும் மென்பொருள் நாளை திருந்தலாம். திருந்த வேண்டுமானால் தமிழில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அதைச் செய்வோருக்குத் தெரிய வேண்டும். இலவச மென்பொருள்களுக்குக் குறையை எழுதித் தெரிவிக்கும் வசதி உண்டு. பள்ளி மாணவியரும் தெரிவிக்கலாம். ஆங்கிலத்தில் போட்டுவிட்டு ஒதுங்கினால் குறை என்றும் குறையாகவே நிற்கும். ஆகவே அன்புத் தங்கையரே, உங்கள் வீட்டுப் படத்துக்கும் பள்ளிப் படத்துக்கும் தமிழிலேயே தலைப்பு இடுங்கள். யாருடைய பெயரை இட்டாலும், அவர் வீட்டில் ஒருவர் அதைப் படித்து மகிழும்படி இடுங்கள்.